சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

பிள்ளைகளே,

சைக்கிள் பழக வருகிற பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, ரோட்டோரம் நிற்கிற ஆட்களைப் பற்றித்தான் இருக்கும். டீக்கடையைத் தாண்டும்போது சிரிப்பார்களே, பைக்கில் வரும் பையன்கள் பின்னாலேயே வருவார்களே, சொந்தக்காரர் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது தொண்டராகச் சேர்ந்தவள் நான். அன்றைக்கு என் வயதுப் பெண்கள் கேட்டதும் இதையேதான். அதனால் பதில் கொஞ்சம் கைவசம் இருக்கிறது. எண் போட்டிருப்பது நீங்கள் திருப்பிக் கேட்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதலில் வண்டி உன் பேச்சைக் கேட்க வேண்டும்.

கிண்டல் செய்கிறவனுக்குத் தடுமாறுகிற பெண் என்றால் கொண்டாட்டம். ரோட்டுக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூட மைதானத்திலோ தண்ணீர் வற்றிய கண்மாயிலோ சில காரியங்களைப் பழகிக்கொள். ஒரு கையை எடுத்துவிட்டு ஓட்டுவது. பிரேக்கைத் தேடிப் பார்க்காமல் விரல் தானாகப் பிடிப்பது. ஹேண்டில் பாரை வளைக்காமல் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வருவது யார் என்று பார்ப்பது. இந்தக் கடைசிப் பாடத்தை யாரும் சொல்லித்தருவதில்லை, அதுதான் மிகவும் உதவும். சீட்டை உயரமாக வைத்துக்கொண்டு ஒய்யாரமாக ஓட்டுவது பிறகு. இப்போதைக்கு உட்கார்ந்தபடியே கால் தரையில் எட்டட்டும். நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவளுக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

2. கிடைத்த சைக்கிளை ஓட்டு.

லேடீஸ் சைக்கிள் வாங்கித் தந்தால்தான் ஓட்டுவேன் என்று காத்திருக்காதே. 1992இல் அறிவொளி மூலம் எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டப் பழகிய பெண்களின் எண்ணிக்கைக்கு லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. கம்பி வைத்த ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். கண்டாங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியைத் தாண்டிக் காலைப் போட்ட அத்தைமார்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. பிறகு பார்த்தால் சிலர் அந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்றே சொன்னார்கள். சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் கம்பி இருந்தால் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். சிரித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

3. துப்பட்டாவைக் கட்டு. மற்றபடி உடை உன் விருப்பம்.

துப்பட்டா செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து, இதில் விளையாட்டு வேண்டாம். குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள். சேலை என்றால் பின் சக்கரத்துக்கு வலை போடச் சொல்லு. பேன்ட் என்றால் செயின் பக்கத்துக் காலை ஒரு ரப்பர் பேண்டால் கட்டு. இவ்வளவுதான் பாதுகாப்புக்காக நான் சொல்வது. ஒழுங்காக உடுத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதே. எங்களில் முழங்கை வரை ரவிக்கையும் தலையில் முக்காடுமாக ஓட்டியவர்களையும் விட்டுவைக்கவில்லை.

4. கிண்டல் செய்கிறவர்களுக்கு எது உறுத்துகிறது என்று தெரிந்துகொள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் காலங்காலமாகச் சைக்கிளில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எங்கே? பின்னால் கேரியரில். அப்பாவோ அண்ணனோ வீட்டுக்காரரோ மிதிக்க, பக்கவாட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதே ரோடு, அதே சைக்கிள், அதே பெண். கேரியரிலிருந்து சீட்டுக்கு மாறியதும் ஊர் சிரித்தது. யாரிடமும் கேட்காமல் புறப்படுகிறாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை அவளே முடிவு செய்கிறாள் என்பதுதான் விஷயம். உன் மூக்கையும் நிறத்தையும் நடையையும் பற்றி அவர்கள் சொல்வது எல்லாம் இதைச் சொல்ல வழி தெரியாமல் சொல்வது. ஆகவே அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்க்காதே.

5. வாய் வேறு, கை வேறு.

‘கண்டுக்காம போ’ என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டேன். ‘பின் சக்கரம் சுத்துது பாரு’ என்று ஒருவன் கத்துவான். அது என் சின்ன வயதிலேயே பழசாகிப்போன கிண்டல். நீ குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்வது. குனியாதே. விசில், பாட்டு, ‘லேடி டிரைவர் வர்றாங்க, ஒதுங்குங்கப்பா’ எல்லாம் இந்த ரகம். மணியை ஒருமுறை அடித்துவிட்டு அதே வேகத்தில் போ. வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் அதே நேரத்துக்கு அதே வழியில் போனால் அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சலித்துவிடும். மீதிக் கால்வாசி ஆட்களின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்.

கை நீண்டால் அது வேறு கதை. பைக்கில் போகிறவன் முதுகில் தட்டிவிட்டுப் போவது, சடையை, துப்பட்டாவை இழுப்பது, தண்ணீர் பாக்கெட்டை வீசுவது, சைக்கிளை உரசிப் பள்ளத்தில் இறக்குவது எல்லாம் குற்றம். ‘பசங்க விளையாட்டு’ என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஓடுகிற சைக்கிளில் ஒரு தட்டு போதும், பின்னால் வருகிற லாரிக்கு அடியில் போய்விடுவோம். அந்த நேரத்தில் துரத்தாதே. முதலில் வண்டியை நிறுத்து, காலை ஊன்று, பிறகு சத்தம் போடு. வண்டி எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரு, மறக்காது. பக்கத்தில் கடை இருந்தால் அங்கே போய் அதே எண்ணைச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல். கேட்ட ஆள் சாட்சியாகிவிடுவார்.

6. ரோட்டில் ஒண்டாதே.

பயந்த பெண்கள் தாரின் ஓரத்து ஜல்லியில் ஓட்டுவார்கள். அங்கேதான் சக்கரம் வழுக்கும், அங்கேதான் இடித்தால் விழ இடமிருக்காது. இடது பக்கமாக, ஆனால் விளிம்பிலிருந்து ஒரு கை அகலம் உள்ளே ஓட்டு. பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு வழி விடலாம், விடுவதற்காகப் பள்ளத்தில் இறங்க வேண்டியதில்லை. இந்த ஒரு கை அகலத்தை உரசுவதற்காக வருகிறவனிடமிருந்து விலகவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

7. ஒருவன் பின்னால் வந்தால் வீட்டுக்குப் போகாதே.

வீடு எது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, பஸ் ஸ்டாண்டு, நூறு நாள் வேலைக்குக் கூடியிருக்கும் பெண்கள் என்று எங்கே ஆட்கள் இருக்கிறார்களோ அங்கே போய் இறங்கு. அவன் போகும் வரை நில். மறுநாளும் வந்தால் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, ‘என் பின்னால் வராதே’ என்று சொல்லிவிடு. சட்டத்துக்கும் இது உதவும். பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக 2013இல் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்ப வந்தான் என்பதைத்தான் அங்கே கேட்பார்கள். அசிங்கமான சொல்லுக்கும் சைகைக்கும் 79ஆவது பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியாக ஒரு சட்டம் 1998இலேயே வந்தது, சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இந்த மாதிரி ‘விளையாட்டில்’ உயிரிழந்த பிறகு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமும் இருக்கிறது. பிரிவு எண்களை நீ மனப்பாடம் செய்ய வேண்டாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, சின்னப் பிள்ளைகளுக்கு 1098 ஆகிய மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மிளகாய்ப் பொடி பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓடுகிற வண்டியில் காற்று யார் பக்கம் அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

8. திருப்பித் திட்டலாமா?

திட்டத் தோன்றினால், ஆள் நடமாட்டம் உள்ள இடமாக இருந்தால், திட்டு. தனி ரோட்டில் வேண்டாம்.

9. வீட்டில் சொல்லு.

இது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் ரோட்டில் நடந்ததை வீட்டில் சொல்லாததற்குக் காரணம் பயமில்லை, கணக்கு. சொன்னால் அவனைப் பிடிக்க மாட்டார்கள், சைக்கிளைத்தான் பிடித்து வைப்பார்கள். படிப்பையும் சேர்த்து நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும். தப்பு செய்தவன் அதே பைக்கில் அதே ரோட்டில் போய்க்கொண்டிருப்பான், பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே இந்த எண்ணில் என் பேச்சு பெற்றவர்களுக்கு. ஐயா, அம்மா, பிள்ளை வந்து ஒன்று சொன்னால் முதல் வார்த்தையாக ‘நீ ஏன் அந்த வழியா போனே’ என்று கேட்காதீர்கள். ‘வண்டி நம்பர் என்ன’ என்று கேளுங்கள். இரண்டு நாள் கூடவே இன்னொரு சைக்கிளில் போய் வாருங்கள். உங்கள் முகத்தை அந்த ரோடு பார்க்கட்டும். வழியை மாற்றுவது நாலு நாளைக்குச் சரி. வருடக்கணக்கில் பிள்ளை சுற்று வழியில் போனால், நேர்வழியை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இது. வீட்டில் எல்லோரிடமும் சொல்ல முடியாவிட்டால் ஒருவரிடம் சொல்லு. சித்தியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, உன் பேச்சை நம்புகிற ஆளாகப் பார்த்துச் சொல்லு.

10. பெண்களும் சொல்வார்கள்.

திண்ணையில் இருக்கிற அப்பத்தா, தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெரியம்மா. ‘வெயில்ல கறுத்துப்போனா எவன் கட்டுவான்’, ‘கர்ப்பப்பை எறங்கிரும்’. ஆண்களின் விசிலைவிட இதுதான் எங்களைச் சுட்டது. சைக்கிளால் பெண்ணின் உடம்பு கெட்டுவிடும் என்பது நம் ஊர் அப்பத்தாவின் கண்டுபிடிப்பும் இல்லை. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்த டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுகிற பெண்ணுக்கு முகம் இறுகிக் கண் பிதுங்கி ‘சைக்கிள் முகம்’ வந்துவிடும் என்று ஒரு வியாதியையே உண்டாக்கினார்கள். அந்த வியாதி வந்தவள் ஒருத்தியும் இல்லை.

ஆனால் அப்பத்தாவிடம் சண்டைக்குப் போகாதே. அப்பத்தாக்களில் பாதிப்பேருக்கு உள்ளுக்குள் ஆசை. ஒருநாள் சந்தைக்குப் போகும்போது ‘உனக்கு என்ன வாங்கியாரணும் ஆத்தா’ என்று கேட்டுப் பார். வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்த மறுநாளிலிருந்து அவள்தான் உனக்காக வக்காலத்து வாங்குவாள்.

11. தனியாகத் தெரிவதற்குக் கூச்சப்படாதே.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும், இது வராது. எல்லோரும் ஸ்கூட்டியில் போகிற ஊரில் நீ சைக்கிளில் போவாய். எல்லாப் பெண்களும் நிற்கிற பஸ் ஸ்டாப்பைக் கடந்து ஹெல்மெட்டோடு போவாய். நாற்பது வயதில் சைக்கிள் ஓட்டினால் ‘வண்டி வாங்க வக்கில்லையா’ என்பார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக மறைந்துகொள்ள முடியாத அந்தச் சங்கடம் உண்மையானது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இது நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் ஒரு கொடும்பாவி செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். புத்தகம் ஏந்திய பெண்ணையோ கண்ணாடி போட்ட பெண்ணையோ அவர்கள் செய்யவில்லை. சைக்கிள் ஓட்டுகிற பெண்ணைச் செய்தார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பையன்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஓட்டெடுப்பில் பெண்கள் தோற்றார்கள். பட்டம் கிடைக்க 1948 ஆயிற்று. படிப்பும் சைக்கிளும் ஒன்றாகத்தான் வரும் என்பதை எங்கள் அறிவொளியில் நாங்கள் மறுபக்கமிருந்து கண்டுகொண்டோம்.

ஆப்கானிஸ்தானில் மசோமா அலி ஜாதா என்ற பெண் காபூல் ரோட்டில் சைக்கிள் ஓட்டியபோது கல்லெறிந்தார்கள். பிரான்சில் தஞ்சம் புகுந்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓட்டினார். போட்டியில் கடைசியாகத்தான் வந்தார். எனக்கு அந்தக் கடைசி இடம் பிடித்திருக்கிறது. ஜெயித்தால்தான் வித்தியாசமாக இருக்க உரிமை உண்டு என்று யாரும் அவரிடம் சொல்ல முடியவில்லை பாருங்கள். நம் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம். மெடல் வாங்கினால் சைக்கிள் ஓட்டு, இல்லாவிட்டால் எதற்கு என்று. கத்தரிக்காய் வாங்கப் போவதற்கும் சைக்கிள் ஓட்டலாம்.

தனியாகத் தெரிவது எப்போது தீரும்? ஆள் சேர்ந்தால் தீரும். அறிவொளிக் காலத்தில் எங்கள் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் புரிந்துகொண்டவர். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களில் பயிற்சி நடக்கும். ஒரு பிள்ளை ஓட்டினால் வேடிக்கை, ஐம்பது பேர் ஓட்டினால் ஊர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனோம். டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு விசில்கூட என் காதில் விழவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1996இல் வந்த அவர் புத்தகத்தில் அது இருக்கிறது. சைக்கிள் வந்த பிறகு பெண்கள் விளைச்சலை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று ஊர் சுற்றி விற்க முடிந்ததையும், பஸ்ஸுக்காக நின்ற நேரம் மிச்சமானதையும் அவர் கவனித்திருக்கிறார். கிண்டல் ஓய்ந்ததற்கு அந்த வருமானமும் ஒரு காரணம் என்பது என் கட்சி. வீட்டுக்குக் காசு வந்த பிறகு மச்சான்மாரே சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தார்கள்.

ஆனாலும் அந்த 1,500 பேருக்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருத்தி முதலில் ஏறியிருக்கிறாள். உன் தெருவில் அது நீயாக இருக்கலாம். கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தால் கூட்டமும் உனக்காகக் காத்திருக்கும்.

12. தினமும் வீராங்கனையாக இருக்க வேண்டாம்.

உடம்பு முடியவில்லை, மனசு சரியில்லை, நேற்று நடந்தது இன்னும் ஆறவில்லை என்றால் அன்றைக்குப் பஸ்ஸில் போ. ‘பயந்துட்டா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதற்காகச் சைக்கிளை எடுக்காதே. இருட்டில் தனியாகப் போக வேண்டாம் என்று தோன்றினால் போக வேண்டாம், அதை எனக்கு விளக்க வேண்டியதும் இல்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

13. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாதே.

அரசின் இலவச சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, 2005-06இல் எல்லோருக்கும் என்று ஆனது. பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கிறது. காலை எட்டரை மணிக்குக் கீரனூர் பக்கமோ ஆலங்குடி பக்கமோ போய் நின்றால், சீருடையில் வரிசையாக வருகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிடும். யாரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சீருடை இருக்கிறது, படிக்கப் போகிறார்கள், சரி. சீருடையைக் கழற்றியதும் அந்தப் பிள்ளைகள் ரோட்டிலிருந்து காணாமல் போகிறார்கள். சைக்கிள் கொட்டகையில் டயர் இற்று நிற்கும், பிறகு பழைய இரும்புக்காரரிடம் போகும். படிக்கிற பெண் ஓட்டலாம், வேலையில்லாமல் சும்மா போய்வர ஒரு பெண் ஓட்டக் கூடாது என்பது இன்னும் நம் ஊரில் எழுதாத சட்டமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் பாதி வேலைதான் முடிந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே அந்தச் சைக்கிளை விற்காதே. டயர் டியூப் மாற்று, செயினுக்கு எண்ணெய் விடு. உனக்கு ஸ்கூட்டி வந்துவிட்டால் அதை உன் அம்மாவுக்குக் கொடு. ‘இந்த வயசுல எனக்கெதுக்குடி’ என்பார். இரண்டாம் முறை கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்பு, வருகிறேன்.